வேங்கிக்காலிலிருந்து வெண்பனிக்கு

மலை என்றால் எங்கள் வேங்கிக்கால்வாசிகளுக்கு ஒரே ஒரு மலைதான். வேலூர்ச் சாலையில் நின்று தலையைத் தூக்கினால் அண்ணாமலையார் தரிசனம் கிடைத்துவிடும். உயரம் 2,668 அடி. அதுவோ அக்கினி மலை! கார்த்திகை தீபத்தன்று உச்சியில் கொப்பரை எரிய ஆரம்பித்ததும், "இனிமேல் குளிர்தான்" என்று பெட்டியின் அடியிலிருந்து கம்பளியை எடுத்து உதறுவோம். மார்கழி விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர் தலையில் துண்டு, கழுத்தில் மப்ளர், காதில் பஞ்சு சகிதமாகத்தான் புறப்படுவார். உஷ்ணமானியைப் பார்த்தால் வடநாட்டார் சிரிப்பார்கள்!

இப்படிப்பட்ட ஊரிலிருந்து நான், என் மனைவி, கல்லூரியில் படிக்கும் அவள் தம்பி ஆகிய மூன்று பேர், தை மாதத்தில் இமயமலைச் சரிவில் கூடாரத்துக்குள் நான்கு இரவு தூங்கி, காலில் பலகையைக் கட்டிக்கொண்டு பனியில் சறுக்கிவிட்டும் வந்தோம். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் இரண்டே கேள்விகள்தான் கேட்டார்கள். "எவ்வளவு செலவாச்சு?" என்பது ஒன்று. "குளிரை எப்படித் தாங்கினீங்க?" என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான்: சிக்கனம்!

பனிச்சறுக்கு என்றதும் சுவிட்சர்லாந்தும், வண்ணக் கண்ணாடி போட்ட சினிமா நட்சத்திரங்களும், லட்சக்கணக்கில் ரூபாயும் நம் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. ஆனால் நம் நாட்டிலேயே பனிச்சறுக்குக்குப் பேர்போன இடங்கள் இருக்கின்றன. காஷ்மீரத்தில் குல்மார்க், இமாசலத்தில் மனாலிக்கு அருகே ஸோலாங் பள்ளத்தாக்கு, உத்தராகண்டில் ஔலி. இந்தியாவின் சார்பில் முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கியவர் 1964-ம் வருஷமே இன்ஸ்ப்ரூக் நகருக்குப் போய்விட்டார். ஜெரமி புஜகோவ்ஸ்கி என்று பெயர், போலந்து வம்சாவளி. ஆகவே விஷயம் ஒன்றும் புதிதல்ல. நமக்குத்தான் எட்டவில்லை.

நாங்கள் போனது ஔலிக்கு.

போகிற வழி

திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் சென்னை. சென்னை சென்ட்ரலில் இரவு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவும் ஒரு பகலும் கழிந்தால் டில்லி. ஏ.ஸி. இல்லாத படுக்கை வகுப்பில் ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் டில்லி போய்ச் சேர்ந்துவிடலாம். போபாலைத் தாண்டியதும் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று ஊசி போலக் குத்தும். பனிமலைக்கு அதுதான் முதல் ஒத்திகை!

டில்லியிலிருந்து ரிஷிகேசத்துக்குச் சுமார் 240 கிலோமீட்டர், பஸ் பிரயாணம். அன்றிரவு தர்மசாலையில் தங்கல். மலைப் பாதையில் இருட்டிய பிறகு போவது உசிதமல்ல. ஆகையால் மறுநாள் கோழி கூவும் முன்பே பஸ் ஏறவேண்டும். ரிஷிகேசத்திலிருந்து ஜோஷிமடம் சுமார் 250 கிலோமீட்டர்தான். ஆனால் முழுப் பகலையும் அந்தப் பாதை விழுங்கிவிடும். தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை என்று நதிகள் கைகோக்கும் சங்கமங்கள் வரிசையாக வருகின்றன. தேவப்பிரயாகை பெரியாழ்வார் பாடிய கண்டம் என்னும் கடிநகர். ஜோஷிமடத்தைத் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவப் பெரியோர் கொள்வார்கள். கம்பளிச் சட்டையும் மோட்டார் வண்டியும் இல்லாத காலத்திலேயே தமிழ்ப் பாட்டு அங்கே ஏறிவிட்டது! நாம் போவதில் என்ன அதிசயம்?

ஜோஷிமடம் ஆறாயிரம் அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆதிசங்கரர் ஸ்தாபித்த ஜோதிர்மடம் இங்கேதான் உள்ளது. பத்ரிநாத் ஆலயம் பனியில் மூடிக் கிடக்கும் ஆறு மாதமும் சங்கரரின் பீடத்தை இங்குள்ள நரசிம்மர் கோயிலில் கொண்டுவந்து வைக்கிறார்கள். உயரத்துக்கு உடம்பு பழகவேண்டும் என்பதற்காக இந்த ஊரில் ஒரு நாள் சும்மா இருந்தோம். சும்மா இருப்பதற்குச் செலவு கிடையாதே!

அங்கிருந்து ஔலிக்கு மலைச் சாலை வழியே சுமார் 15 கிலோமீட்டர். ஜீப்பில் நாலு பேருடன் ஐந்தாவது, ஆறாவது ஆளாக ஒட்டிக்கொண்டு போகலாம். முன்பெல்லாம் நாலு கிலோமீட்டர் நீளக் கம்பிவட ரயில் ஒன்று ஊருக்கு மேலே ஆகாயத்தில் ஏறிப் போகும். 2023 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உடம்பே அடுப்பு

ஔலியின் சரிவுகள் எட்டாயிரம் அடியிலிருந்து பத்தாயிரம் அடி வரை விரிந்திருக்கின்றன. எதிரே நந்தாதேவி! 25,643 அடி. இந்தியாவில் காஞ்சன்ஜங்காவுக்கு அடுத்த உயரமான சிகரம். மாலையில் அதன்மேல் வெயில் படும்போது, தீபக் கொப்பரையை ஏற்றியது போலவே இருந்தது. என் மனைவி தன்னை அறியாமல் "அரோகரா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்கு அரை மணி நேரத்துக்கெல்லாம் சூரியன் மறைந்தான். குளிர் வந்தது! குளிர் என்றா சொன்னேன்? அதற்கு வேறு பெயர்தான் வைக்கவேண்டும். உஷ்ணமானி பூஜ்யத்துக்கு ஐந்தாறு டிகிரி கீழே போயிற்று. வெளியே வைத்த வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடித் தகடு போட்டாற்போல் பனிக்கட்டி படர்ந்தது.

இந்த இடத்தில்தான் எங்கள் வழிகாட்டியான மலைநாட்டு இளைஞர் ஒரு பாடம் நடத்தினார். "கம்பளி உங்களுக்குச் சூடு கொடுக்காது. உங்கள் உடம்பு கொடுக்கும் சூட்டை ஓடவிடாமல் பிடித்து வைக்கும். அவ்வளவுதான்" என்றார். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு உண்மை! நம் உடம்பே அடுப்பு. அந்த அடுப்பின் சூடு ஒழுகும் ஓட்டைகளை அடைப்பதே கூடார வாசத்தின் சூட்சுமம்.

முதல் ஓட்டை தரை. மேலே மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு கீழே ஒன்றுமில்லாமல் படுத்தால், பூமாதேவி இரவெல்லாம் சூட்டை உறிஞ்சிவிடுவாள். பஞ்சுக்குள் இருக்கும் காற்றுத்தான் சூட்டைக் காப்பது. நாம் படுத்ததும் அடியிலுள்ள பஞ்சு நசுங்கிக் காற்று போய்விடுகிறது. ஆகையால் முதலில் நசுங்காத தடித்த ரப்பர்ப் பாய், அதன்மேல் உறைபோல் உள்ளே புகுந்துகொள்ளும் படுக்கைப் பை. இரண்டும் வாடகைக்கே கிடைக்கின்றன.

இரண்டாவது ஓட்டை ஈரம். பருத்தி நமக்கு உற்ற தோழன்தான். ஆனால் வேர்வையிலோ பனியிலோ நனைந்துவிட்டால் பனிமலையில் அதைவிடச் சத்துரு கிடையாது. உடம்பை ஒட்டி வேர்வையைத் தேக்காத மெல்லிய உள்ளுடை, அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் பனியையும் தடுக்கும் மேலங்கி. இப்படி வெங்காயத் தோல் மாதிரி அடுக்கிக்கொள்ள வேண்டும். நடக்கும்போது வேர்க்க ஆரம்பித்தால் ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். படுக்கப் போகும்போது காலுறை உட்பட எல்லாம் உலர்ந்ததாக மாற்றியாக வேண்டும்.

மூன்றாவது, அடுப்புக்கு விறகு. அதாவது ஆகாரம். ராத்திரி அரை வயிறு சாப்பிட்டால் நடு ஜாமத்தில் பல் கிட்டும். நெய் விட்ட கிச்சடி, அதற்குப் பிறகு எங்கள் பக்கத்து மணிலாக்கொட்டையும் வெல்லமும் ஒரு பிடி. விலை உயர்ந்த சாக்லேட்டு செய்கிற வேலையை நம் திருவண்ணாமலைச் சீமைக் கொட்டை மிகக் கௌரவமாகச் செய்துவிட்டது!

மைத்துனன் ஒரு யுக்தி செய்தான். சமையல் முடிந்ததும் வெந்நீரை இறுக மூடும் புட்டியில் நிரப்பித் துணி சுற்றிப் படுக்கைப் பைக்குள் கால்மாட்டில் போட்டுக்கொண்டான். "மாமா, இது ஹீட்டர். காலையில் இதையே குடிக்கவும் குடிக்கலாம். ஒரே காசுக்கு இரண்டு வேலை!" என்றான். வெளியே வைக்கும் புட்டியைத் தலைகீழாக வைக்கவேண்டும். தண்ணீர் மேல்பக்கத்திலிருந்து உறைவதால், அப்போதுதான் மூடி அடைத்துக்கொள்ளாது.

அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே தவிரப் பருப்பு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் கதி அதோகதிதான். பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பதும் லேசல்ல. பத்துப் பாத்திரம் புதுப் பனி உருகி ஒரு பாத்திரம் தண்ணீர் ஆகும். அதற்கு எரிபொருள் செலவு வேறு. கிராமத்துக் குழாயில் நீர் வரும்போதே பிடித்து வைப்பது உத்தமம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. குளிர் தாங்காமல் கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளோ, மூடிய அறைக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்குகிறவர்கள் உண்டு. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கூடாரத்தில் காற்று வர ஒரு வழி எப்போதும் திறந்திருக்கவேண்டும். அடுப்பு வெளியேதான் எரியவேண்டும். இதில் மட்டும் சிக்கனமும் வேண்டாம், சௌகரியமும் வேண்டாம்.

சறுக்குப் பாடம்

'ஸ்கீ' என்பது நார்வே தேசத்துச் சொல். பிளந்த மரத்துண்டு என்ற பொருளில் பிறந்தது. ஆதியில் அது விளையாட்டே அல்ல. பனியில் புதையாமல் நடப்பதற்கான வழி. ஔலியில் இந்திய - திபெத் எல்லைக் காவல் படையினர் 1973-லேயே மலையேற்றத்துக்கும் பனிச்சறுக்குக்கும் பயிற்சி நிலையம் தொடங்கினார்கள். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டிகள் டேராடூனிலும் இங்கேயும் நடந்தன.

பலகை, கனத்த பூட்ஸ், கையில் பிடிக்கும் கழிகள் எல்லாம் நாள் வாடகைக்குக் கிடைக்கும். கற்றுக்கொடுக்கவும் உள்ளூர் இளைஞர்கள் இருக்கிறார்கள். அரசாங்கச் சுற்றுலா நிறுவனம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகளும் நடத்தியிருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் சேர்ந்த அத்தகைய வகுப்பே உண்மையில் மலிவு.

முதல் பாடம் சறுக்குவதல்ல, விழுவது! பக்கவாட்டில், மலைப்பக்கமாக விழவேண்டும். இரண்டாவது பாடம் எழுந்திருப்பது. இது முதலாவதைவிடக் கடினம். மூன்றாவது பாடம் நிற்பது. பலகைகளின் முன் நுனிகளை நெருக்கி, பின் நுனிகளை அகலவிட்டு, ஓட்டுக்கூரை மாதிரி வைத்துக்கொள்ளவேண்டும். உள்விளிம்புகள் பனியைச் சுரண்டும், வேகம் குறையும். முழங்காலை மடக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, பார்வையைத் தூரத்தில் வைக்கவேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் பலகை நம்மை உதறிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும்.

கருஞ்சாந்துக் கண்ணாடி இல்லாமல் பனியில் இறங்கக்கூடாது. கீழிருந்து வரும் வெயில் கண்ணைப் பொசுக்கிவிடும். மேல் ஏறுவதற்குப் படி ஏறுவதுபோல் பக்கவாட்டில் அடியெடுத்து வைக்கவேண்டும். ஐம்பதடி சறுக்க ஐந்து விநாடி; அதை ஏறிவர ஐந்து நிமிஷம். மூன்றாம் நாள் மாலை என் மனைவி இருநூறு அடி சரிவை விழாமல் கடந்து வந்து நின்றாள். பக்கத்தில் நின்ற பஞ்சாபிக் குழந்தைகள் கை தட்டினார்கள். "என்னங்க, இதையெல்லாம் ஊர்ல யாரும் நம்பமாட்டாங்க" என்றாள் மூச்சிரைக்க.

மலை தாங்கும் பாரம்

இனி அந்தக் கம்பிவட ரயிலின் கதைக்கு வருகிறேன்.

ஜோஷிமடம் உறுதியான பாறையின்மேல் நிற்கும் ஊர் அல்ல. பழங்காலத்தில் சரிந்து விழுந்த மண்ணும் கல்லும் சேர்ந்த குவியலின்மேல் அமைந்த ஊர். 1976-லேயே கார்வால் கமிஷனர் எம்.சி. மிஸ்ரா தலைமையிலான குழு இதைச் சொல்லிவிட்டது. கனத்த கட்டிடம் வேண்டாம், வெடி வைத்துப் பாறை பிளக்கவேண்டாம், சரிவிலுள்ள மரத்தை வெட்டவேண்டாம், தண்ணீர் வடிய வழி செய்யுங்கள் என்று எச்சரித்தது. அருகேயுள்ள ரேணி கிராமத்துப் பெண்கள் கௌராதேவியின் தலைமையில் மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1974-ல்.

எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. கட்டிடங்கள் தரையில் எழுந்தன. 2023 ஜனவரியில் ஊர் பிளந்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டிடங்களில் வெடிப்பு. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களைப் பிரித்தெடுக்க நேர்ந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் நடுக்கும் குளிரில் வீட்டைவிட்டு வெளியேறின. நீர்மின் திட்டச் சுரங்கமே காரணம் என்று ஊரார் சொன்னார்கள். இல்லை என்று திட்டத்தார் மறுத்தார்கள். கழிவுநீர் வடிய வழியில்லாமல் பூமிக்குள் இறங்கியதும் ஒரு காரணம் என்றார்கள் நிபுணர்கள். கம்பிவட ரயில் அப்போதுதான் நின்றது.

நரசிம்மர் கோயிலில் ஒரு ஐதீகம் உண்டு. மூர்த்தியின் ஒரு கரம் மெலிந்துகொண்டே வருகிறதாம். அது ஒடியும் நாளில் மலைகள் இணைந்து பத்ரிநாத் வழி அடைபடுமாம். கோயிலில் அதைக் கேட்டுவிட்டு, வழிகாட்டி இளைஞரின் வீட்டுக்குப் போனோம். சமையலறைச் சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு. அதன் இரு பக்கமும் சுண்ணாம்பால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருந்தார். "பெரிதாகிறதா என்று மாதம் ஒரு தடவை அளக்கிறோம்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டே டீயை நீட்டினார் அவருடைய தாயார். எங்களுக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை.

இது எங்கோ வடக்கே நடக்கும் கதை என்று திருவண்ணாமலைக்காரர்கள் சொல்லமுடியுமா? ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் 2024 டிசம்பர் 1-ந் தேதி அண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் உருண்டு வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்ததே! ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு உயிர்கள் போயின. அந்த வருஷ தீபத்துக்குப் பக்தர்கள் மலையேற அனுமதியில்லை. அக்கினி மலையானாலும் பனி மலையானாலும் சரிவின் சட்டம் ஒன்றுதான். அது தாங்கும் பாரத்துக்கு ஓர் அளவு உண்டு.

அந்த அளவை மீறுவது பெரும்பாலும் ஏழைப் பிரயாணி அல்ல. 2019 ஜூனில் ஔலியில் ஒரு பெரும் செல்வர் வீட்டுக் கல்யாணம் நடந்தது. அது விட்டுச் சென்ற குப்பை டன் கணக்கில்! உயர் நீதிமன்றம் தலையிட்டு மூன்று கோடி ரூபாய் முன்பணம் கட்டச் சொல்லவேண்டி வந்தது. அதற்கு முந்திய வருஷமே மலை உச்சிப் புல்வெளிகளில் இரவு தங்குவதையும் நீதிமன்றம் தடுத்திருந்தது. ஆகவே மேலேயுள்ள கோர்சன் புல்வெளிக்குப் பகலில் நடந்து போய்ப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும். கூடாரம் அனுமதிக்கப்பட்ட இடத்தில்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு

ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் நல்ல காலம். பனி எல்லா வருஷமும் ஒரே மாதிரி விழுவதில்லை. பனி போதாமல் போட்டிகளை நிறுத்திய வருஷமும் உண்டு. எனவே புறப்படுமுன் உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். இதயக் கோளாறு, மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவேண்டாம். தலைவலியும் குமட்டலும் அதிகமானால் வீம்பு பாராமல் கீழே இறங்கிவிடுங்கள். அந்த நோய்க்கு இறக்கமே மருந்து.

புறப்படும்போது என் மனைவி ஒரு சட்டம் போட்டிருந்தாள். "ஆளுக்கு ஒரே பை. யார் தூக்கப் போறாங்களோ அவங்களே நிரப்பட்டும்!" அந்தச் சட்டத்தால் கூலிச் செலவு மிச்சம், ஜீப்பில் இடம் மிச்சம். தங்குவதற்குப் பெரிய ஹோட்டலைத் தேடாமல் உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியையும், உள்ளூர் வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டால் பணமும் குறையும். கொடுக்கிற பணமும் வெடித்த சுவருக்குள் வாழ்கிறவர்கள் கைக்கே போய்ச் சேரும். பிஸ்கட் காகிதம் முதல் பிளாஸ்டிக் புட்டி வரை கொண்டுபோனதை எல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

குறைவாகச் சுமந்து போகிறவனுக்கு மலை ஏறுவது சுலபம். அவனைச் சுமப்பது மலைக்கும் சுலபம்.